ஐந்தாவது சொல்

செல்போனை அணைத்து, அதன் முதுகில் ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, தலைமைக் கண்காணிப்பாளர் அறையில் இருந்த பிளாஸ்டிக் தட்டில் மற்ற வாத்தியார்களுடைய போன்களோடு அதையும் வைத்துவிட்டு வந்ததிலிருந்து ஞானதுரையின் வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஒன்றும் இல்லாத காற்றைத் தொட்டுத் தொட்டு மேலே தள்ளிக்கொண்டிருந்தது. பிடித்துச் சட்டைப் பையின் மேல் வைத்தான். பைக்குள் தாள் இருந்தது. நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்துபோன கோடு போட்ட தாள். இருக்கட்டும், அது அங்கேயே இருக்கட்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, முதல் நாள், தமிழ். தமிழ்ப் பரீட்சைக்குத் தமிழ் வாத்தியார்களைக் காவல் போட மாட்டார்கள், அதனால் கணக்கு வாத்தியாருக்கு ஏழாம் நம்பர் அறை. இருபது பிள்ளைகள், இருபது தண்ணீர் பாட்டில்கள், ஒரு ஃபேன், அதுவும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல். பத்தேகாலில் இருந்து ஒன்றேகால் வரை மூன்று மணி நேரம். உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, பேசக் கூடாது, நடக்கலாம். ஒன்றேகாலுக்கு வாசலில் பகவதி வந்து நிற்பாள். நாற்பது நாளைக்கு முன்னால் செத்துப்போன தமிழய்யா ஆவுடையப்பனுடைய பெண்டாட்டி. வாரிசுச் சான்று மனுவில் சாட்சிக் கையெழுத்துக்கு இவனைத்தான் கேட்டிருக்கிறாள். கையெழுத்து ஒரு நிமிஷ வேலை. அதற்கப்புறம் அவள் கேட்கப்போவதுதான் வேலை. பதினாறாம் நாள் விசேஷத்தன்று, பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், அடுக்களை வாசலில் நின்று கேட்டாளே, அதையே கேட்பாள். "அவுக உங்ககிட்ட ஏதும் குடுத்து வச்சிருந்தாகளா அண்ணாச்சி?" இல்லையேம்மா என்று சொன்னான். எவ்வளவு சுளுவாக வந்தது அந்த இல்லை. அன்றைக்கும் இதே தாள் இதே பையில்தான் இருந்தது. இன்றைக்கும் ஒரு இல்லை சொன்னால் அதோடு தீர்ந்தது, மூன்றாம் தடவை வாயைத் திறக்கிறவள் இல்லை அவள். அப்புறம் இந்தத் தாள் ஞானதுரையுடையது.  பயத்தில் அப்படி நினைத்தானா ஆசையில் நினைத்தானா என்று அவனுக்கே பிடிபடவில்லை. முதல் மணி அடித்தது, பிள்ளைகள் குனிந்தார்கள்.

அம்ப்ரெல்லா, ஆனியன், பிரிட்ஜ், லேடர், சிக்ஸ், மங்கி, சால்ட், விண்டோ, கோஸ்ட், மேங்கோ, மதர், மொஸ்கிட்டோ. கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவில் பதினெட்டு எட்டு. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. சின்ன வயதில் ஞாயிற்றுப் பள்ளியில் கட்டளைகளை ஒப்பித்த மாதிரி ஒப்பிக்கிறான். தாளில் இப்படி இங்கிலீஷில் இல்லை, எல்லாம் தமிழில்தான் எழுதியிருந்தார் அந்த மனுஷன். தமிழய்யா அல்லவா. இருபத்தொரு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வெற்றிலை போடாமலே வெற்றிலை போட்டவர் மாதிரி பேசுவார், வாயில் ஒரு சொல்லை அதக்கிக்கொண்டே இருப்பார், இடம் கிடைத்ததும் துப்புவார். அந்த மனுஷனுக்குப் போய் இந்தக் கழுதை விளையாட்டு எங்கே பிடித்தது. முதலில் ரம்மியாம். சம்பளக் கணக்கில் பகவதியின் நம்பர்தான் கொடுத்திருந்தார், ஐம்பது ரூபாய் போனாலும் அவள் போனில் டிங் என்று மெசேஜ் வந்துவிடும், அவளும் "என்னங்க, ஐம்பது போயிருக்கே" என்று அடுப்படியில் இருந்தே கேட்பாள். அந்த டிங் சத்தத்துக்குப் பயந்துதான் கிரிப்டோ. டியூஷன் ஃபீஸ் ரொக்கமாக வரும், அதை ஜங்ஷனில் ஒரு செல்போன் கடையில் கொடுத்தால் கடைக்காரன் அதை டிஜிட்டல் காசாக்கி போனில் ஏற்றிவிடுவான். அங்கிருந்து நேரே வெளிநாட்டுச் சூதாட்டத் தளம். பேங்க் கிடையாது, மெசேஜ் கிடையாது, டிங் கிடையாது. "சத்தமே இல்ல வே" என்று சொன்னார் ஒருநாள், கண்ணை அகல விரித்துக்கொண்டு. "காசு போறதும் தெரியல, வாறதும் தெரியல. கனவுல நடக்க மாதிரி இருக்கு." ஞானதுரை அன்றைக்கு நல்லாத் திட்டினான். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, கடைசியில் கம்பெனிதான் ஜெயிக்கும் என்று சாக்பீஸ் எடுத்து மேஜையிலேயே போட்டுக் காண்பித்தான். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். அப்புறம் தை மாசம் ஒருநாள் காலையில் பிரேயருக்கு முந்தி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சைக்கிள் ஷெட்டுக்குப் போனார். முந்தின நாள் பகடை விளையாட்டில் ஒரே மூச்சில் ஜெயித்திருக்கிறார், வீட்டுக் கடன் தீர்கிற அளவுக்கு. முகத்தில் சந்தோஷம் இல்லை. பயந்து வெளிறிப்போயிருந்தது முகம். "போன்ல இருந்து எல்லாத்தையும் அழிச்சிட்டேன் வே. காசு இப்ப போன்ல இல்ல. பன்னெண்டு சொல்லு குடுப்பான், அந்தப் பன்னெண்டும் வரிசையா இருந்தாத்தான் பர்ஸ் தெறக்கும், ஒண்ணு பிசகுனாலும் தெறக்காது. நீரு வச்சுக்கிடும். என் கையில இருந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்." தாளைப் பிரித்துப் பார்த்தால் தமிழ். குடை, வெங்காயம், பாலம், ஏணி என்று மளிகைக் கடைக்கும் கொத்தனாருக்கும் சேர்த்துப் போட்ட சீட்டு மாதிரி. "என்னவே இது தமிழ்ல?" என்றதற்குச் சிரித்தார், அன்றைக்கு ஒரே ஒரு தடவை சிரித்தது அதற்குத்தான். "அவன் குடுத்தது இங்கிலீஷ் சொல்லுதான். இங்கிலீஷ்ல எழுதி வச்சா எவனும் கண்டுபிடிச்சிருவான். தமிழ்ல எழுதிட்டேன், எவன்வே தமிழைப் படிக்கான்?" பிறகு அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நானே வந்து கேட்டாலும் குடுக்கப்பிடாது. கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்கப்பிடாது பாத்துக்கிடும்." பிரேயர் மணி அடித்துவிட்டது, சரிவே என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவ்வளவு லேசாகத்தான் வாங்கினான்.

மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து நின்று பேனா மை தீர்ந்துவிட்டது என்றாள். பக்கத்தில் யாரிடமாவது வாங்கித் தரலாமா என்றால் அதற்கும் ஒரு விதி இருக்கிறது, தன் பேனாவையே கொடுத்தான். நீல மைதான், சரிதான். காலில் விழவெல்லாம் இல்லை ஆவுடையப்பன். முதல் தடவை டீ குடிக்கும்போது விளையாட்டுப் போலக் கேட்டார், இவனும் விளையாட்டுப் போலவே "போம்வே" என்றான். இரண்டாம் தடவை வீட்டுக்கு வந்தார். ஞானதுரையின் மனைவி காப்பி கொண்டு வந்து வைக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, அவள் உள்ளே போனதும், "சும்மா பாத்துட்டு வச்சிருதேன், தொட மாட்டேன், இருக்கான்னு மட்டும் பாக்கேன்" என்றார். குரல் அவருடைய குரலாகவே இல்லை. அன்றைக்கும் கொடுக்கவில்லை. கொடுக்காதது சரி என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான், அதுதான் இப்போது குத்துகிறது. மூன்றாம் தடவை போனில். மாசி மாசம், பகல் இரண்டு மணி. பத்து பி வகுப்பில் நிகழ்தகவு எடுத்துக்கொண்டிருந்தான், ஒரு பகடையை ஒருமுறை உருட்டினால் கூறுவெளி என்னவென்று பலகையில் போட்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு என்று அடைப்புக்குள் எழுதி மூடிய நேரத்தில் பையில் போன் அதிர்ந்தது. வராண்டாவுக்கு வந்து எடுத்தான். "பதினொண்ணு ஞாபகத்துல இருக்கு வே. குடுத்துட்டா மறந்துரும்னு பாத்தேன், மறக்க மாட்டேங்கு. அஞ்சாவது மட்டும் வழுக்குது. அஞ்சாவது மட்டும் சொல்லும்." லீவு போட்டிருந்தார் அன்றைக்கு. பின்னால் காக்காய்ச் சத்தம், யாரோ துணி துவைக்கிற சத்தம். "எங்கவே இருக்கீரு?" "கொக்கிரகுளம் படித்துறையில. சொல்லும்வே. ஒரு சொல்லுதான." உள்ளே பத்து பி கத்த ஆரம்பித்துவிட்டது, எதிர் வராண்டாவில் ஹெட்மாஸ்டர் தலை தெரிந்தது. ஒரு சொல்தானே. எரிச்சலாக வந்தது. பதினொன்றையும் மனசில் வைத்துக்கொண்டா இத்தனை நாளும் நாடகம் போட்டார் என்று எரிச்சல். பையில் இருந்து தாளை எடுத்து, ஒரு கையாலேயே பிரித்து, ஐந்தாவதைப் பார்த்து, "சிக்ஸ்" என்றான். அந்தப் பக்கம் ஒரு சின்ன இடைவெளி. "சிக்ஸா?" "ஆமாவே, சிக்ஸ். வையும் போனை." வைத்துவிட்டு உள்ளே போய், பகடையை இரண்டு முறை உருட்டினால் என்று ஆரம்பித்தான். இரண்டு முறை உருட்டினால் முப்பத்தாறு. எழுதிக்கொண்டிருக்கும்போதே தொடையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. ஏழு தடவை, எண்ணினான், கணக்கு வாத்தியாராம் கணக்கு வாத்தியார், எண்ணத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. பாடம் முடிந்து பார்த்தபோது ஒரு மெசேஜ் கிடந்தது. நீருமா வே. அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நாலு மணிக்குப் படித்துறையில் தூணில் சாய்ந்தபடி இருந்தவரை யாரோ தொட்டு எழுப்பியிருக்கிறார்கள். தூங்குகிறார் என்று அதுவரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், போன் கையிலேயே இருந்தது என்று படித்துறையில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

நீருமா வே. நடக்கும்போது செருப்பு தரையில் அந்த மாதிரியே சத்தம் போடுகிறது, நீருமா வே, நீருமா வே. ஒரு மணி நேரம் ஆனதற்கு மணி அடித்தது. சிக்ஸ் என்றுதான் சொன்னேன், தாளில் இருந்ததைத்தான் சொன்னேன், ஏமாற்றவில்லையே, ஏன் திறக்கவில்லை என்று எனக்கு என்ன தெரியும், நீர்தான் எங்கேயோ பிசகியிருப்பீர், வரிசையை மாற்றிப் போட்டிருப்பீர், அம்மாவுக்கு மம்மி போட்டிருப்பீர். நாற்பது நாளாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறான், பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், கோயிலில் ஜெபத்துக்குத் தலை குனிந்திருக்கும்போது. பதில் சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் என்ன பார்த்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று, அதற்காக மட்டும்தான் என்று, அந்தத் தளத்துக்குள் போனான். அதே செல்போன் கடை. கடைக்காரன் ஏற்றிக்கொடுத்துவிட்டு, "தமிழ் சார் பேர்ல நெறையக் கெடக்குமே, வீட்டுல தெரியுமா?" என்று கேட்டான். பகவதியிடமும் அவன்தான் சொல்லியிருக்க வேண்டும். திரையில் மேலே ஒரு ஓரத்தில் பெரிய தொகை ஜெயித்தவர்களுடைய பெயர்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போகும். மெய்யெழுத்து என்று ஒரு பெயர் வந்தது. அதுதான் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், சைக்கிள் ஷெட்டில் சொல்லியிருந்தார். வந்தது, ஊர்ந்தது, மறைந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. செத்துப்போன மனுஷன் அங்கே ஜெயித்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்கத்தான் மறுநாளும் திறந்தான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, கட்டைவிரல் ஒருமுறை தொட்டது, பகடை உருண்டது. எந்தத் தடவை உருண்டாலும் முந்தின தடவைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று பத்தொன்பது பேட்ச் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன், மூன்று தடவை விழாத எண் நாலாம் தடவை விழும் என்று கட்டினான். வெட்கமாக இருந்தது. அது சத்தமே இல்லாத வெட்கம், வீட்டில் யாருக்கும் டிங் என்று கேட்காத வெட்கம். ஆவுடையப்பனுடைய பர்ஸையும் திறக்க முயன்றுகொண்டுதான் இருந்தான், பகவதிக்காக என்று சொல்லிக்கொண்டு. பன்னிரண்டு கட்டத்திலும் பன்னிரண்டு சொல், மதர் போட்டும் மாம் போட்டும் பார்த்தாயிற்று, தவறு என்று சிவப்பில் ஒரு வரி. அந்தச் சிவப்பு வரியைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அப்பாடா என்று ஒரு மூச்சு வரும், அதை என்னவென்று சொல்ல. திறந்துவிட்டால் என்ன செய்வான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பகவதி வீட்டுக்குப் போகிற வழியில் அந்த மெய்யெழுத்துப் பெயர் ஒருமுறை ஊர்ந்து போகும், இவன் ஒரே ஒருமுறை என்று தொடுவான். தொட்டு முடித்த பிறகு பகவதிக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது, இல்லையேம்மா என்பது அப்போது உண்மையாகிவிடும். பின்பெஞ்சில் ஒருத்தன் கழுத்தை நீட்டினான், ஞானதுரை தொண்டையைச் செருமினான், அவன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான்.

பேனா வாங்கிய பிள்ளையின் பக்கத்தில் வந்து நின்றது பேனாவுக்காகத்தான், நன்றாக எழுதுகிறதா என்று. பிள்ளைகள் எழுதுவதைப் படிக்கக் கூடாது. படிக்கவில்லை, அவனுடைய நீல மைதான் கண்ணை இழுத்தது. கேள்வி எண் போட்டு, கோடு போட்டு, இருபொருள் தந்து தொடரில் அமைக்க என்பதற்குக் கீழே, மாலை என்ற சொல்லை முடித்து, அடுத்ததற்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். எங்கள் ஊரில் ஆறு ஓடுகிறது. எழுதிவிட்டு, இரண்டு ஆறுக்கும் அடியில் கோடு இழுத்தாள், அளவுகோல் வைத்து, மெதுவாக. ஞானதுரை அந்தக் கோடு முடிகிறவரை நின்றான். பிறகு நகர்ந்தான். மூன்று எட்டு வைத்திருப்பான், நாலாவது எட்டுக்குக் கால் வரவில்லை. தாளை எடுக்க வேண்டிய தேவையே இல்லை, அந்த உருண்டை உருண்டைக் கையெழுத்து கண்ணுக்குள் இருக்கிறது, குடை, வெங்காயம், பாலம், ஏணி, அதற்கு அடுத்தது ஆறு. எண் போட்டு எழுதவில்லை, எழுத்தால் எழுதியிருந்தார், ஆவன்னா, றுவன்னா. ரிவர். அட பாவி மனுஷா, ரிவர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான், கம்பி சுட்டது. ஸ்டாஃப் ரூமில் இருபத்தொரு வருஷமாகச் சொன்னதே அதைத்தானே, டீ கொதிக்கக் கொதிக்க வரும், இவன் அவசரப்பட்டு வாயை வைப்பான், "ஆறு நிமிஷம் ஆறட்டும் வே, ஆத்துத் தண்ணிதான" என்பார், தானே சிரிப்பார். இவன் ஒருநாளும் சிரித்ததில்லை. ஒருநாள் சிரித்திருந்தால்கூட அது மனசில் நின்றிருக்கும். தாளில் இருந்ததை இருந்தபடியே வாசித்திருக்கலாம். ஆறு என்று சொல்லியிருந்தால் போதும், அவர் பாட்டுக்குப் புரிந்துகொண்டிருப்பார், அவருடைய சொல் அவருக்குத் தெரியாதா. பெரிய ஒத்தாசை பண்ணுகிறவன் மாதிரி இங்கிலீஷாக்கிக் கொடுத்தான், பலகையில் அப்போதுதான் எழுதிவிட்டு வந்த ஆறை எடுத்து அவர் காதில் போட்டான். சிக்ஸா? அந்த இடைவெளி. அந்த இடைவெளியில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, தாளில் என்ன இருக்கிறதோ அப்படியே வாசியும் என்று கேட்க வாய் எடுத்திருப்பார், இவன் வையும் போனை என்று சொல்லிவிட்டான். கணக்கு வாத்தியார் சிக்ஸ் என்றால் சிக்ஸ்தான் என்று நம்பினார் அந்த மனுஷன். முன்னால் தாமிரபரணி போய்க்கொண்டிருக்கிறது. படியில் உட்கார்ந்து, முழங்கால் நனைகிற தூரத்தில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே சிக்ஸ் போட்டிருக்கிறார், சிவப்பு வரி, மறுபடியும் சிக்ஸ், மறுபடியும் சிவப்பு வரி, இவனுக்குப் போன், எடுக்கவில்லை, தேடுகிற சொல் கண்ணுக்கு முன்னால் கரை முட்ட ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் நீருமா வே. நீர் என்றாலும் இரண்டு பொருள்தான் அந்த மனுஷனுக்கு. நாற்பது நாளாக, உண்மையைச் சொன்னேன் அவர்தான் நம்பவில்லை என்று அழுதுகொண்டிருந்தவன் இனி எதை வைத்துக்கொண்டு அழுவான். கொடுக்காமல் இருந்திருந்தால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்று இருந்திருக்கலாம். சரியாகக் கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் விளையாடித் தோற்றிருப்பார், தோற்றுவிட்டு நடந்து வீட்டுக்குப் போயிருப்பார், மறுநாள் ஸ்டாஃப் ரூமில் டீ ஆறுகிறவரை உட்கார்ந்திருப்பார். இவன் இரண்டும் இல்லாமல் நடுவில் ஒன்றைச் செய்தான். "சார், உடம்பு சரியில்லையா சார்?" என்று முன்பெஞ்சுப் பையன் தலையைத் தூக்கினான். "ஒண்ணுமில்ல, எழுது" என்றான்.

மிச்சம் இருந்த நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. கடைசிப் பத்து நிமிஷத்துக்கு எச்சரிக்கை மணி அடித்தபோதுதான் கட்டைவிரல் மறுபடியும் ஆரம்பித்தது. ரிவர், ரிவர் என்று ஆரம்பித்தது. இப்போது திறக்கும். பேப்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தட்டில் இருந்து போனை எடுத்துக்கொண்டு, வாத்தியார்கள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால் இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் பன்னிரண்டு கட்டமும் நிறைந்துவிடும், சிவப்பு வரி வராது. பகவதி பத்து நிமிஷம் நிற்கட்டுமே, வெயிலில் நிழல் இல்லாமலா போய்விடும். இருக்கான்னு மட்டும் பாக்கேன். யார் சொன்னது இது? ஞானதுரை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். பிள்ளைகள்தான் இருந்தார்கள். சும்மா பாத்துட்டு வச்சிருதேன், தொட மாட்டேன். காதுக்குள் இல்லை, அது அவன் வாய்க்குள் இருந்தது, அவருடையது இல்லாத அந்தக் குரல், அவன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு பேசிய அதே குரல். உதட்டைக் கையால் மூடிக்கொண்டான். அன்றைக்கு அவரிடம் இருந்து தாளைக் காப்பாற்ற இவன் இருந்தான், இன்றைக்கு இவனிடம் இருந்து காப்பாற்ற ஏழாம் நம்பர் அறையில் யார் இருக்கிறார்கள்? கடைசி மணி அடித்தது. எழுந்து நில்லுங்கள் என்றான், நின்றார்கள். வரிசையாக வாங்கி எண்ணினான், பத்தொன்பது வந்தது, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது, மறுபடியும் எண்ணினான், இருபது. பேனா வாங்கிய பிள்ளை அதை நீட்டி, "தாங்க்ஸ் சார்" என்றாள். வச்சுக்கோ என்று சொல்லத்தான் நினைத்தான், கையெழுத்துப் போட வேண்டுமே என்று வாங்கிக்கொண்டான். தலைமைக் கண்காணிப்பாளர் அறையில் விடைத்தாள் கட்டைச் சரிபார்த்து வாங்கிக்கொண்ட அம்மா, "சார், போன்" என்று தட்டைக் காட்டினார்கள். கறுப்பும் நீலமுமாகக் கிடந்தன எல்லாம், இவனுடையது மேலேயே கிடந்தது, வெள்ளைத் துண்டில் இவன் பெயரோடு. கட்டைவிரல் போய்விட்டது அதன் மேல். அவன்தான் போகவில்லை. "கேட்டு வரைக்கும் போயிட்டு வந்து எடுத்துக்கிடுதேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்காமல், கிட்டத்தட்ட ஓடுகிற நடையில் படி இறங்கினான்.

பகவதி கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். பரீட்சை முடிந்த பிள்ளைகள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள், அவள் அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பழுப்பு நிற உறையில் இருந்து மனுவை எடுத்து நீட்டினாள், அவன் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்றாள். "இனிமேதாம்மா." "வெயிலு என்ன அடி அடிக்கு." மனுவை வாங்கி உறைக்குள் போட்டு, உறையைப் பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்தாள். இப்போது கேட்பாள் என்று நின்றான். அவள் கேட்கவில்லை. "அப்ப வாறேன் அண்ணாச்சி, பஸ்ஸு வந்துரும்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். மூன்றாம் தடவை கேட்க மாட்டாள் என்றல்லவா நினைத்திருந்தான், இரண்டாம் தடவைக்கே அவள் ஆள் இல்லை. பிள்ளைகள் கூட்டத்தில் குடை நாலு எட்டு, ஐந்து எட்டு போய்விட்டது. சும்மா நின்றால் போதும், ஒன்றுமே செய்ய வேண்டாம், பஸ் வந்துவிடும். "பகவதி" என்றான். அவளைப் பெயர் சொல்லி அவன் அதுவரை கூப்பிட்டதே இல்லை. அவள் திரும்பினாள்.

"அன்னைக்கு நீ கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேம்மா" என்றான். சட்டைப் பையில் இருந்து தாளை எடுத்துக் கொடுத்தான். வேர்வையில் அது ஈரமாக இருந்தது. கொடுத்த பிறகும் இரண்டு விரல் அதை விடவில்லை, அவள் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு சொல், ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் சொல் போட வேண்டும், வரிசை மாறக் கூடாது, போட்டால் அவர் வைத்த காசு வரும், படித்த பிள்ளை யாரையாவது, உன் தம்பியை, பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்றைக்கே திறந்து காசை வேறு இடத்துக்கு மாற்று, எனக்கு அது மனப்பாடம், என்னைக் கூப்பிடாதே, நான் வந்து கேட்டாலும் காட்டாதே என்றெல்லாம் சொன்னான். வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. அவள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவில்லை. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாளைப் பிரித்தாள். கையெழுத்தைப் பார்த்ததும் அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தான், அழவில்லை. அவர் எழுதிய எதையும் வாசிக்கிற பழக்கத்தில், ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தாள். "குடை. வெங்காயம். பாலம். ஏணி. ஆறு." விரல் அங்கேயே நின்றது. முகத்தைச் சுருக்கி இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். அவள் கண்ணில் குற்றம் சாட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எந்த ஆறுன்னு நீங்க அவுககிட்ட கேட்டுக்கிடலையா அண்ணாச்சி?"